சொல்லாமல் வரும் கப்பல்

கோபம் வந்தால் துறைமுக டவர்காரிக்குப் புருஷன்மேல் மரியாதை பொங்கிவிடும். மற்ற நாளெல்லாம் நீ, வா, போ என்றுதான் பேச்சு. "வாங்க", "சாப்பிடுங்க" என்று அவள் ஆரம்பித்துவிட்டால் அந்த வீட்டில் ஒருத்தரும் இருமக்கூட மாட்டார்கள். அன்று விடிந்தும் விடியாமலும், "டீ ஆறிடும், குடிச்சுட்டுப் போங்க" என்றாள். முன் அறையில் தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த மாமியார் தலையைத் தூக்கி இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி எண்ணெய்க் குப்பியில் கவனமாகிவிட்டாள்.

அவன் டீயை நின்றபடியே குடித்தான். கடற்படை வெள்ளைச் சட்டை, தேய்த்து மடிப்புக் கலையாமல் இருந்தது. தேய்த்தது அவள்தான். சண்டை போட்டுக்கொண்டே தேய்த்தது.

"வரேன்" என்றான்.

"போயிட்டு வாங்க."

"நல்லா பண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லேன்."

"நல்லா பண்ணுங்க" என்றாள் அவள், பால் பாத்திரத்தைப் பார்த்து.

பால் பாத்திரம் நன்றாகப் பண்ணி என்ன ஆகப்போகிறது! அவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டான்.

விஷயம் இதுதான். அவன் கடற்படைக் கப்பல் ஒன்றில் வழி பார்க்கும் அதிகாரி. அன்று அவனுக்குப் பரீட்சை. பேப்பர் பேனா பரீட்சை இல்லை. காலையில் கப்பல் வெளிக்கடலுக்குப் போய், மதியம் துறைமுகத்துக்குத் திரும்பும். திரும்புகிற வழி முழுக்கக் கேப்டன் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பார், யோசனை சொல்ல வாயைத் திறக்கமாட்டார். வணிகக் கப்பல்கள் சாரை சாரையாகப் போகிற பாதையைக் கடந்து இவன்தான் கப்பலைக் கொண்டுவந்து கட்ட வேண்டும். தேறினால் அவனுக்கென்று தனியாக ஒரு சின்னக் கப்பல் கிடைக்கும். அந்தக் கப்பல் தங்கப்போகும் துறைமுகமோ வெகு தூரத்தில் இருக்கிறது.

இவளோ இந்தத் துறைமுகத்தின் டவரில் வேலை பார்க்கிறவள். வருகிற போகிற கப்பல்களை ராடார் திரையில் பார்த்து ரேடியோவில் பேசுகிற வேலை. அந்த நாற்காலிக்காக அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். புருஷனுக்குக் கப்பல் கிடைத்தால் இவள் நாற்காலியை விட்டுப் போவதா, இல்லை ஆளுக்கொரு ஊரில் இருப்பதா? பல மாதமாக இதைப் பற்றி இரண்டு பேரும் பேசாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். "பார்க்கலாம்" என்பான் அவன். "உன் இஷ்டம்" என்பாள் இவள். "உனக்கு எது வசதியோ" என்பான். "எனக்கென்ன" என்பாள். முந்தின நாள் சாயங்காலம் அவன் மறுபடி, "நான் பாஸாயிட்டா என்ன பண்றது?" என்று கேட்க, இவள் வாயில் சனி புகுந்து, "ஆகாம இருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல" என்று சொல்லிவிட்டாள். சொன்ன நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். அவன் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்ததும் இன்னும் கோபம் வந்தது, அந்தக் கோபத்தில் மரியாதை வந்தது.

அவன் போனதும் அத்தை மெதுவாக ஆரம்பித்தாள்.

"இன்னைக்கு உனக்கு டவர்ல ட்யூட்டியா?"

"ஆமா அத்தை."

"அவன் வர்ற நேரத்துலயா?"

"ஆமா அத்தை."

"நல்லதாப் போச்சு" என்று அலமாரியில் நூல்கண்டுகளுக்கு நடுவே இருந்த கறுப்புப் பெட்டியை எடுத்துத் துடைத்தாள். உடைத்துப்போட்ட பழைய படகு ஒன்றிலிருந்து வந்த ரேடியோ அது. பள்ளிக்கூடச் சட்டைகளுக்குப் பித்தான் தைத்துக்கொண்டே நாள் முழுக்கத் துறைமுகப் பேச்சைக் கேட்பது அத்தைக்குப் பொழுதுபோக்கு. எந்தக் கப்பல் எப்போது வந்தது, எந்த கேப்டனுக்குச் சளி பிடித்திருக்கிறது, எல்லாம் அத்தைக்கு அத்துப்படி. மருமகள் வேலையிலிருந்து வந்ததும், "அந்த எண்ணெய்க் கப்பல்காரனை ரொம்ப விரட்டிட்டே இன்னைக்கு" என்று தீர்ப்புச் சொல்வாள்.

"இன்னைக்கு மட்டும் அதை மூடி வைங்களேன் அத்தை."

"ஏன்? என் புள்ள பரீட்சை எழுதறான், நான் கேக்கக் கூடாதா? நீ பேசறதை ஊரே கேக்கலாம், நான் கேட்டா குத்தமா?"

டவர்காரி சால்வையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

டவர் என்பது துறைமுகச் சுவரையொட்டி நிற்கும் ஒல்லிக் கட்டடம். உச்சியில் சுற்றிலும் கண்ணாடி போட்ட அறை. உள்ளே ஏசி நடுக்கும், அதற்குத்தான் சால்வை. திரைகள் முன்னால் இரண்டு நாற்காலி. ஒன்று இவளுக்கு. இன்னொன்றில் தடித்த கண்ணாடி போட்ட மனிதர் ஒருவர் எந்நேரமும் பொரி கொறித்துக்கொண்டிருப்பார். கண்ணாடிக்காரர் என்றால் துறைமுகத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அன்று வெளியே பார்க்க ஒன்றுமே இல்லை. வானமும் கடலும் ஒரே வெள்ளையாகப் புழுங்கிக் கிடந்தன. டவரிலிருந்து பார்த்தால் துறைமுகச் சுவரைத் தாண்டி எதுவும் தெரியவில்லை, கடலில் பக்கத்துப் பக்கத்துக் கப்பல்கள் மட்டும் ஒன்றுக்கொன்று மங்கலாகத் தெரியும். திரையில் மட்டும் சந்தைக் கூட்டம். ஒவ்வொரு கப்பலும் ஒரு புள்ளி. புள்ளிக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு நீட்டிக்கொண்டிருக்கும், இந்த வேகத்தில் போனால் இன்னும் கொஞ்ச நேரத்தில் இங்கே இருப்பேன் என்று அர்த்தம். பக்கத்தில் கப்பலின் பேர், வேகம், போகுமிடம் எல்லாம் எழுதியிருக்கும். வணிகக் கப்பல்கள் இதையெல்லாம் தாமாகவே ஒலிபரப்பிக்கொண்டு வரும்.

போர்க்கப்பல் மட்டும் வாயைத் திறக்காது. அதன் வழக்கம் அது. திரையில் பேர் இல்லாத மொட்டைப் புள்ளியாக வரும். எங்கே இருக்கிறது என்று ராடார் சொல்லும். என்ன வேகம், எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை ராடார் பார்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் தாமதமாகும். மற்றக் கப்பல்காரர்களுக்கும் இதே கதிதான். அதனால் போர்க்கப்பல்காரர்களுக்குப் பொறுப்பு ஒருபடி அதிகம். பாலம் என்று சொல்கிற, கப்பலை ஓட்டும் மேடையின் இரண்டு பக்கமும் தொலைநோக்கியோடு ஆள் நிறுத்துவார்கள், திசைகாட்டியில் கண் வைத்து எதிரே வருகிற ஒவ்வொரு கப்பலையும் குறித்துக்கொண்டே வருவார்கள். ஒரு கப்பல் கிட்டே வரவரப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போனால் கவலையில்லை. அதே திசையில் அப்படியே நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால் முட்டப்போகிறது என்று அர்த்தம். தெருவில் எதிரே வருகிற சைக்கிள்காரனும் அப்படித்தான்.

"வந்துட்டார் மாப்பிள்ளை" என்றார் கண்ணாடிக்காரர், பொரிக்கையால் திரையைக் காட்டி. மேல்முனையில் ஒரு மொட்டைப் புள்ளி நுழைந்திருந்தது.

ரேடியோவில் அவன் குரல் வந்தது. கடலில் எல்லாரும் பேசுகிற பொது பாஷை ஒன்று உண்டு. அதை அப்படியே எழுதினால் நமக்கு வாயில் நுழையாது. நம் பேச்சில் சொன்னால் இவ்வளவுதான்: "டவர், போர்க்கப்பல். வெளியிலிருந்து துறைமுகத்துக்கு வர்றோம்."

"போர்க்கப்பல், டவர். கேக்குது. பாதையில கூட்டம் ஜாஸ்தி. பார்த்து வாங்க" என்றாள் அவள்.

இதில் 'வாங்க' என்பது வேலை மரியாதை. ஆனாலும் இரண்டு பேருக்கும் உள்ளே சுருக்கென்றது.

கோதுமை ஏற்றிய பெரிய கப்பல் ஒன்று போர்க்கப்பலுக்கு வலப்பக்கத்திலிருந்து குறுக்கே போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் எண்ணெய்க் கப்பல் ஒன்று. கடல் சட்டப்படி, குறுக்கே போகிற கப்பல் உனக்கு வலப்பக்கம் இருந்தால் நீதான் வழி விட வேண்டும். அது தன் வேகத்திலேயே, தன் திசையிலேயே போகும், போக வேண்டும். ஒருவன் ஒதுங்க, ஒருவன் மாறாமல் போக, இதுதான் மொத்த ஏற்பாடு. ஒதுங்குகிறவன் சாதாரணமாக வலப்பக்கம் திரும்பி, முன்னவனின் முதுகுப்பக்கமாகப் போய்விடுவான். ஆனால் அன்று போர்க்கப்பலுக்கு வலப்பக்கம் மீன்பிடிப் படகுகள் வலை விரித்துக்கிடந்தன.

டவர்காரி இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே திரையில் ஒரு கோடு போட்டுப் பார்த்தாள். மறுபடி போட்டாள். கோடு குட்டையானது, சாயவில்லை. திசை மாறவேயில்லை.

"திரும்ப முடியாது, வலை இருக்கு" என்றாள் வாய்க்குள். "வேகத்தைக் குறைப்பான்."

"குறைக்கலியே" என்றார் கண்ணாடிக்காரர். பொரி டப்பாவை மூடிவிட்டார். அவர் டப்பாவை மூடினால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

மொட்டைப் புள்ளிக்கு முன்னால் நீட்டிய கோடு இம்மியும் குறையவில்லை. அவனை அவளுக்குத் தெரியும். வீட்டில் குழாய் ஒழுகினால் மூன்று மாதம் யோசிப்பான், கடலில் ஒரு நொடி யோசிக்கமாட்டான். இந்நேரம் ஏதாவது செய்திருப்பான். செய்திருப்பான்தானே? திரை கொஞ்சம் மெதுவாகத்தான் புரிந்துகொள்ளும். ஆனால் செய்யாமல் இருந்தால்?

டவர் உத்தரவு போடக் கூடாது. ஸ்டியரிங் அவரவர் கையில். ஆபத்து தெரிந்தால் தகவல் சொல்ல வேண்டும், அது டவரின் கடமை. இன்றைக்கு அவள் கூப்பிட்டால், 'டவர் எச்சரிக்கிற அளவுக்கு விட்டான்' என்று கேப்டன் நினைப்பார். கூப்பிடாமல் இருந்து ஒன்றுகிடக்க ஒன்று ஆகிவிட்டால்?

கூப்பிட்டாள்.

"போர்க்கப்பல், டவர். உங்களுக்கு வலப்பக்கம் கோதுமைக் கப்பல் நெருங்குது. திசை மாறல. மறுபடி சொல்றேன், திசை மாறல."

"டவர், போர்க்கப்பல்" என்று உடனே பதில் வந்தது. "நான் ஏற்கனவே வேகத்தைக் குறைச்சாச்சு. அவங்க முதுகுப்பக்கமா போவேன்."

அப்பாடா! அவன் குறைத்துத்தான் இருக்கிறான். திரை இன்னும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

ஆனால் ரேடியோவை எல்லாரும் கேட்கிறார்களே. கோதுமைக் கப்பலின் கேப்டன் கொஞ்சம் பதற்றப் பேர்வழி போலும். 'திசை மாறல' என்று டவர் இரண்டு தரம் சொன்னது காதில் விழுந்ததும் மனிதருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாறாமல் போக வேண்டிய ஆள், "டவர், நான் இன்ஜினை நிறுத்திட்டேன்! அந்தக் கப்பல் போகட்டும்!" என்று கத்தினார்.

"ஐயோ" என்றாள் டவர்காரி.

இவன் நிற்க, அவரும் நிற்க, மறுபடி திசை மாறாமல் போயிற்று. குறுகலான நடையில் எதிரெதிரே வந்த இரண்டு பேர் 'நீங்க போங்க', 'இல்லல்ல, நீங்க போங்க' என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்பார்களே, அந்தக் கூத்துதான். நடையில் என்றால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். இங்கே கோதுமைக் கப்பலின் முதுகுக்குப் பின்னால் எண்ணெய்க் கப்பல் வந்துகொண்டிருக்கிறது.

"டவர், எண்ணெய்க் கப்பல். முன்னாடி ஏன் நிக்கறாங்க? நான் நினைச்ச உடனே நிறுத்த முடியாது, தெரியுமில்ல?"

"தெரியும், தெரியும்" என்றாள் இவள். "கோதுமைக் கப்பல், உங்களுக்குப் பின்னால எண்ணெய்க் கப்பல் வருது."

"நான் எப்படிப் போறது? எதிர்ல போர்க்கப்பல் மூக்கை நீட்டிக்கிட்டு நிக்குது. நிக்குதா வருதான்னே தெரியல!"

அப்போது அவன் குரல் வந்தது. அவசரமே இல்லாத குரல்.

"டவர், போர்க்கப்பல். எனக்குப் பின்னால யாராவது இருக்காங்களா?"

அவள் திரையைப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை ஒருமுறை, அவசரப்படாமல் இன்னொருமுறை.

"பின்னால காலி."

"நன்றி. பின்னால போறேன்."

அதற்கப்புறம் வெள்ளைப் புழுக்கத்துக்குள்ளிருந்து மூன்று சின்ன ஊதல் கேட்டது. டவர் கண்ணாடியைத் தாண்டிக்கூடக் கேட்டது. நான் பின்னால் போகிறேன் என்பதற்குக் கடலில் அதுதான் அடையாளம். போர்க்கப்பல் தன் முழு பலத்தையும் போட்டுத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு, கண் இருக்கிறவன் எல்லாம் பார்க்கும்படி, பின்னால் நகர்ந்தது. படகுக்காரன் ஒருவன் ரேடியோவில் கூவினான்: "ஏய், போர்க்கப்பலே ரிவர்ஸ் எடுக்குதுடா! பின்னாடி தட்டி, வா வா, ரைட்டு சொல்லுங்கப்பா!" பாதை முழுக்கச் சிரிப்புச் சத்தம். கோதுமைக் கப்பல்காரருக்கும் புரிந்துவிட்டது. "இப்ப தெரியுது, இப்ப தெரியுது. நான் போறேன்" என்று இன்ஜினைப் போட்டார். இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே அவள் போட்டு வைத்திருந்த கோடு அப்பாடா என்று சாய ஆரம்பித்தது. எண்ணெய்க் கப்பலும் முணுமுணுத்துக்கொண்டே பின்தொடர்ந்தது.

கண்ணாடிக்காரர் டப்பாவைத் திறந்து அவளிடம் நீட்டினார். அவள் ஒரு கை பொரி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

அதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. ரேடியோவில் புதிதாக ஒரு கனத்த குரல்.

"டவர், போர்க்கப்பல் கேப்டன் பேசறேன். ஒரு கேள்வி."

"சொல்லுங்க கேப்டன்."

"முதல்ல நீங்க எங்களைக் கூப்பிட்டப்போ, நாங்க வேகம் குறைச்சது உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

கண்ணாடிக்காரர் மைக்கில் விழாமல் கிசுகிசுத்தார். "தெரிஞ்சுதுன்னு சொல்லிடும்மா. சும்மா ஒரு எச்சரிக்கைக்குக் கூப்பிட்டேன்னு சொல்லு. உனக்கு ஒண்ணும் ஆகாது. மாப்பிள்ளை பொழைச்சுப் போவார்."

வழி விடுகிறவன் எதிராளிக்குச் சட்டென்று தெரிகிற மாதிரி விட வேண்டும். அதுவும் சட்டம்தான், கேப்டன் கேட்பதும் அதைத்தான். தெரியவில்லை என்று சொன்னால் குற்றம் அவன்மேல் விழும். அவ்வளவு மட்டுமா? 'பாஸாகாம இருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல' என்று நேற்று சொன்ன அதே வாய் இது. அவன் பாலத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். வீட்டில் அத்தை பித்தானைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறாள். 'ஆமா' என்று ஒரு சொல், எல்லாருக்கும் நல்லவளாகிவிடலாம்.

"டவர்?" என்றது கனத்த குரல்.

"தெரியல கேப்டன்" என்றாள். "திரையில பழைய வேகந்தான் இருந்துது. அதனாலதான் கூப்பிட்டேன்."

"நன்றி" என்று சொல்லி ரேடியோ அடங்கிவிட்டது. கண்ணாடிக்காரர் அவளைப் பார்க்காமல் பொரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்து இறங்கி மீன்கடைத் தெரு வழியாக வந்தாள். செய்தி அவளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. படகுகள் எல்லாவற்றிலும் ரேடியோ இருக்கிறதே.

"வாக்கா" என்றாள் மீன்காரி, பல்லெல்லாம் தெரிய. "கட்டின புருஷனையே போட்டுக் குடுத்துட்டியாமே!"

"மீனை நிறு முதல்ல."

"நான் குத்தம் சொல்லலக்கா. என் வீட்டுக்காரரை மாட்டிவிட எனக்கு இப்படி ஒரு மைக்கு கிடைக்கலியேன்னு வயித்தெரிச்சல்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வரும்போலத்தான் இருந்தது. வீட்டுத் திருப்பம் வந்ததும் அது போய்விட்டது.

அத்தை மிஷினை மூடிவிட்டு நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். பாதி வேலை கிடக்கும்போது அத்தை மிஷினை மூடி இவள் பார்த்ததில்லை.

"ஏம்மா, உன் வாயில ஒரு 'ஆமா' வராதா?"

"தெரியாததை எப்படி அத்தை தெரிஞ்சுதுன்னு சொல்றது?"

"நான் தைக்கிற சட்டை இறுக்கமா இருந்தாக்கூட அந்தப் புள்ளைங்க முகத்தைப் பார்த்து, அழகா இருக்குன்னு சொல்றேனே."

"சட்டை கிழிஞ்சா தைச்சுக்கலாம். நாளைக்கு இவன் இதே மாதிரி சத்தமில்லாம வேகத்தைக் குறைச்சு, எதிர்ல வர்றவனுக்குத் தெரியாம போனா?"

"அதுக்காக? ஊரைக் கூட்டி வெச்சுச் சொல்லணுமா?"

"அவர் ஊரைக் கூட்டி வெச்சுத்தானே கேட்டாரு!"

அத்தை குரலை இறக்கினாள். "நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. நேத்து நீங்க பேசிக்கிட்டது எனக்கும் கேட்டுது. அவன் போயிடக் கூடாதுன்னு…"

"அத்தை!"

"கேட்டேன், அவ்வளவுதான். எனக்கும் அவன் போறது புடிக்கல. எனக்கு மட்டும் புடிக்குமா? பெத்தவ இல்லையா நான்? ஆனா வேணும்னு பண்ணியிருந்தா அது தப்பு."

டவர்காரிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மீனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனவள் செதிலைச் சீவின சீவலில் அது பளபளவென்று சுவரெல்லாம் தெறித்தது. அத்தை பின்னாலேயே வந்து, வெங்காயத்தை எடுத்து உரிக்க உட்கார்ந்தாள். அது அத்தையின் சமாதானம்.

பொழுது சாயும்போது அவன் வந்தான். பையை வைத்தான், கை கால் கழுவினான், நேராக வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தான். முகத்தில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. காலையில் திரையில் வந்த மொட்டைப் புள்ளியேதான்.

"மீனா? பசி உயிர் போகுது" என்றான்.

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவன் ஒரு மீனை முள் பிசகாமல் தின்று முடித்தான்.

"டேய்!" என்றாள் அம்மா. "என்னடா ஆச்சு? வாயைத் திறந்து சொல்லித் தொலையேண்டா!"

"குடுத்துட்டாங்க."

"எதை?"

"கப்பலை."

அத்தை தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். டவர்காரி கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"எப்படி? நான்தான் தெரியலன்னு சொன்னேனே."

"அதனாலதான்" என்றான் அவன். "நீ முதல்ல கூப்பிட்டு முடிச்ச உடனே கேப்டன் என்கிட்ட கேட்டார், டவர் எதுக்கு இப்பக் கூப்பிடுதுன்னு. நான் சொன்னேன், 'நான் குறைச்சது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது சார். நாம பேர் சொல்லாம வர்றவங்க. செய்யறதையாவது பளிச்சுன்னு செஞ்சிருக்கணும். இன்னும் முன்னாடியே, இன்னும் ஒரேயடியா குறைச்சிருக்கணும். என் தப்பு'ன்னேன். அவர் தலையை ஆட்டிக்கிட்டார். கோதுமைக் கப்பல் போனப்புறம்தான் மைக்கைக் கையில எடுத்தார். 'நீ சொன்னது நிஜமான்னு கேட்டுடலாம்'னார்."

"டவர்ல இருக்கறது நான்னு அவருக்குத் தெரியுமா?"

"கப்பல்ல தெரியாதவங்க யாரு? நீ தெரிஞ்சுதுன்னு சொல்லியிருந்தா, என்ன நடந்துதுன்னே புரியாம இவன் பழியை ஏத்துக்கிட்டான்னு எழுதியிருப்பார். நீ சொன்னதும் என்னைப் பார்த்து, 'ரெண்டு பேரும் ஒண்ணையேதான் பார்த்திருக்கீங்க'ன்னார். அப்புறம் பின்னால எடுத்ததுக்குக் கை குடுத்தார்."

அத்தை எழுந்து மருமகளின் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி, இருந்ததிலேயே பெரிய மீனாகப் பார்த்து அவள் தட்டில் போட்டாள்.

"நான் கேட்டதை மறந்துடு" என்றாள்.

டவர்காரி உட்காரவில்லை. "நான் பதில் சொன்னப்போ நீங்க என்ன நினைச்சீங்க? உண்மையைச் சொல்லுங்க."

'நீங்க' என்றதும் அவன் சாப்பிடுவதை நிறுத்தினான்.

"ஒரு நிமிஷம் தோணுச்சு" என்றான். "வேணும்னே சொல்றியோன்னு. ஒரு நிமிஷந்தான். நேத்து சொன்னது காதுலயே இருந்துது."

அவளுக்குக் கோபம் வரவேண்டும். வந்தது. அதை முந்திக்கொண்டு அழுகையும் வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கும் தோணுச்சு" என்றாள். "வாயில இருந்து வந்தப்புறம். திரையில இருந்ததைத்தான் சொன்னேன், அது சத்தியம். ஆனா சொல்லி முடிச்சதும் உள்ளுக்குள்ள ஒரு மூலையில சந்தோஷமா இருந்துது, இவன் இனிமே போகமாட்டான்னு. அதை நினைச்சு நினைச்சு நாள் பூரா எனக்கே என்னைப் புடிக்கல."

அத்தை தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"இவ்வளவு நாளா இதைச் சொல்லலியே நீ" என்றான் அவன். "உன் இஷ்டம், உன் இஷ்டம்னே. சரி, இவளுக்கு ஒண்ணுமில்ல போலன்னு நினைச்சேன். சில நாள் நான் கப்பலே வேணாம்னு சொல்லிடலாமான்னு நினைச்சேன். அதையும் உன்கிட்ட சொல்லல."

"அடப் பாவி! நான் வேலையை விட்டுடலாமான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"நல்ல ஜோடி!" என்றாள் அத்தை. "ரெண்டு பேரும் எங்க நின்னிருப்பீங்க தெரியுமா? இவனுக்குக் கப்பலும் இல்லாம, உனக்கு வேலையும் இல்லாம, என் தலைமேல வந்து உக்காந்திருப்பீங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு அவனுக்கு நேரெதிரே உட்கார்ந்தாள். இத்தனை மாதமாக வாய்வரை வந்து திரும்பிப் போனதை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"நான் வரல. என் நாற்காலியை விடமாட்டேன். நீ போ. உன் கப்பலை நீ எடுத்துக்கோ, உனக்கு அது வேணும், எனக்குத் தெரியும். லீவு கிடைக்கறப்பெல்லாம் வா. எனக்குக் கிடைச்சா நான் வரேன். நீ இல்லாம இந்த வீடு எனக்குப் பிடிக்காது, அழுவேன், ஃபோன்ல சண்டை போடுவேன். ஆனாலும் போ."

அவன் அவளையே பார்த்தான். காலையிலிருந்து இறுக்கிக் கட்டியிருந்த முகம் அப்போதுதான் அவிழ்ந்தது. வெட்கமில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"சரி" என்றான்.

"சரின்னா?"

"சரின்னா சரி. போறேன். உன்னை விட்டுட்டுப் போறது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா போறேன்."

"இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு போர்க்கப்பலும் ஒரு கோதுமைக் கப்பலும் வேண்டியிருந்துது" என்றாள் அத்தை. "எனக்கு என்ன வழின்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

"நீ எங்கூட வாம்மா" என்றான் அவன்.

"அத்தை எங்கூடத்தான் இருப்பாங்க" என்றாள் இவள்.

"பள்ளிக்கூடம் திறக்கப்போகுது, அத்தனை சட்டை கிடக்கு. நான் எங்கயும் வரல" என்று அத்தை தன் தட்டை இழுத்துக்கொண்டாள். அவளுக்கு அப்போதுதான் பசி தெரிந்தது.

அவனுடைய புதிய கப்பல் இந்தத் துறைமுகத்திலேயே ரிப்பேருக்கு நின்றுகொண்டிருந்தது. மாதக் கடைசியில் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். மாலுமிகளின் வீட்டு மனுஷர்கள் எல்லாரும் கரையில் வந்து நின்று கையசைப்பார்களாம், இனிப்புக் கொடுப்பார்களாம். அவன் அதைச் சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, "நீ வருவியா?" என்று கேட்டான்.

"வரமாட்டேன்."

"ஏன்?"

"கரையில நின்னு கையசைக்க அத்தை போதும். நான் அன்னைக்குப் பகல் ட்யூட்டி கேட்டு வாங்கிக்குவேன்." மீனின் நடுத்துண்டை முள்ளெடுத்து அவன் தட்டில் வைத்தாள். "கயிறு அவுத்ததும் டவரைக் கூப்பிடு. வெளிய வழி காலியா இருக்கான்னு நான் பார்த்துச் சொல்றேன். சொன்னப்புறம் போ."